சுண்ணாம்புத் தண்ணீரில் கரைவதும் கரையாததும்

குவாத்தமாலாவின் மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் முற்றியதும் கதிரை உடனே ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கதிருக்குச் சற்றுக் கீழே தட்டையை மடக்கிவிடுகிறார்கள். நுனி தரையைப் பார்த்துத் தொங்கும் கதிரின் மேல் விழுகிற மழை மட்டைக்குள் இறங்காமல் வழிந்துவிடும். வாரக்கணக்கில் காற்றிலும் வெயிலிலும் அப்படியே நின்று காய்ந்த பிறகுதான் அறுவடை. பூஞ்சைக்கு எதிரான முதல் வேலை, அடுப்புக்கு வெகு தொலைவில், வயலிலேயே நடந்துவிடுகிறது.

அந்த வயலிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு மக்காச்சோள மணி போகிற வழியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். மணியோடு சேர்ந்து வரும் நஞ்சு எந்த இடத்தில் இறங்கிக்கொள்கிறது, எந்த இடத்திலும் இறங்காமல் கடைசிவரை வருவது எது என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

ஃபியூசேரியம் வெர்டிசிலியாய்டிஸ் என்ற பூஞ்சைக்கும் மக்காச்சோளத்துக்கும் உறவு மிகப் பழையது. அது விதையோடு வரும். போன பருவத்துத் தட்டை மக்கிக் கிடக்கும் மண்ணிலிருந்து வரும். கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை வழியாக உள்ளே இறங்கும். புழு துளைத்த ஓட்டையிலும் நுழையும். பல செடிகளில் நோய்க்கான அடையாளமே காட்டாமல் தண்டுக்குள் வாழ்ந்துவிட்டுப் போகும். சில கதிர்களில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும். சில மணிகளில், உச்சியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் பிரிந்து ஓடும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். இந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு ஃபுமோனிசின் என்று பெயர். நிறமில்லை, நாற்றமில்லை, நாக்குக்கும் தெரியாது.

இதை முதலில் பிரித்தெடுத்தது 1988-ல், தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். கெல்டர்ப்லோம், மராசஸ் ஆகியோரின் குழு அங்கே வேலை செய்தது. டிரான்ஸ்கெய் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விதான் அவர்களை மக்காச்சோளத்துக்குக் கொண்டுவந்தது. பூஞ்சை பிடித்த சோளத்தைத் தின்ற குதிரைகள் மூளையின் வெண்பகுதி கூழாகிச் செத்துப்போவதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே பார்த்துவந்தார்கள். காரணமான பொருளுக்குப் பெயர் கிடைத்தது அப்போதுதான். பன்றிகளுக்கு இதே நஞ்சு நுரையீரலில் நீர் கட்டவைக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வரிசையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. உறுதியாக உண்டாக்கும் என்ற வரிசையில் அல்ல.

அது செய்யும் கேடு நுட்பமானது. நம் உயிரணுக்களின் சவ்வில் ஸ்பிங்கோலிப்பிடு என்ற கொழுப்புகள் உண்டு. அவற்றைக் கட்டும் மூலப்பொருளின் சாயலிலேயே ஃபுமோனிசினும் இருப்பதால், கட்டிக்கொண்டிருக்கும் நொதி ஏமாந்துபோகிறது. வேலை பாதியில் நின்றுவிடுகிறது. இது தெரியவந்தது 1991-ல்.

இந்த மூலக்கூறைப் பற்றி இரண்டு செய்திகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது தண்ணீரில் நன்றாகக் கரையும். மற்றொன்று, இதன் நீண்ட முதுகெலும்பில் இரண்டு அமிலக் கிளைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டு காரத்தில் விட்டுப்போகும். தண்ணீரும் காரமும் சேர்ந்த ஒரு பானை, ஃபுமோனிசினுக்குப் பெயர் கிடைப்பதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மத்திய அமெரிக்காவின் அடுப்புகளில் ஏறிவிட்டது.

கதிரை உரித்து, மணியை உதிர்த்து, முதலில் செய்வது பொறுக்குவது. உடைந்தது, வண்டு துளைத்தது, நிறம் மாறியது எல்லாம் தனியே போகும், கோழிக்கும் பன்றிக்கும். மிச்சத்தைத் தண்ணீரில் போட்டால் சொத்தை மணிகளும் தூசியும் மேலே மிதக்கும். அதையும் கையால் வழித்து எடுத்துவிடுவார்கள்.

அதன் பிறகு பானை. மணியின் எடைக்கு இரண்டு மூன்று மடங்கு தண்ணீர், நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நீற்றிய சுண்ணாம்பு. எடை போடுகிறவர் யாருமில்லை. கை அளந்து போடும், தண்ணீரின் வெண்மையைக் கண் சரிபார்க்கும். சுண்ணாம்புக் கல் கிடைக்காத காடுகளில் லகாண்டோன் மாயர்கள் ஆற்று நத்தை ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வடக்கே ஹோப்பி மக்கள் மரச்சாம்பலைப் பயன்படுத்தினார்கள். பானை கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மணி நேரம் போல வேகும். சூடு ஏற ஏறத் தண்ணீர் மஞ்சளாகும். ஈரச் சுவரும் அவித்த தானியமும் கலந்த ஒரு வாடை எழும்பும். ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்க்கிறார்கள். தோல் வழுக்கிக் கழன்றால் இறக்கிவிடலாம். மூடிவைத்தால் விடியும்வரை ஊறும்.

காலையில் பானையைத் திறந்தால் மணிகள் பருத்திருக்கும். மேலே நிற்பது கொழகொழப்பான மஞ்சள் நீர். மெக்சிகோவில் இதை நெஹயோத்தே என்கிறார்கள். அதை வடித்துக் கொட்டிவிட்டு, ஊறிய மணியைப் புதுத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை, தோல் உரிய உரிய, உள்ளங்கையால் கசக்கிக் களைகிறார்கள். கழுவின நீர் தெளியும்வரை இது நடக்கும். நம் பயணத்தின் முக்கியமான இறங்குமிடம் இந்த வடிநீர்தான். இரவு முழுக்க மணியிலிருந்து கசிந்த ஃபுமோனிசினின் பெரும்பங்கு இந்த மஞ்சள் நீரில் கலந்திருக்கிறது. ஒரு பகுதியில் அமிலக் கிளைகள் உதிர்ந்துவிட்டன. ஒரு பகுதி அப்படியே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வாசலில் ஊற்றப்படுகிறது.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. குவாத்தமாலாவின் மாயா சமூகப் பெண்கள் வீட்டில் செய்யும் முறையை அப்படியே பின்பற்றி, பூஞ்சை நஞ்சுள்ள மக்காச்சோளத்தில் டோர்ட்டியா என்ற தட்டை ரொட்டி சுட்டு, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நஞ்சு எங்கே போகிறது என்று பார்த்தார்கள். பச்சை மணியில் இருந்த மொத்த ஃபுமோனிசினில் ஏறத்தாழ பாதிதான் டோர்ட்டியாவுக்கு வந்து சேர்ந்தது. வந்ததிலும் ஒரு பங்கு கிளை உதிர்ந்த வடிவம். இந்த வடிவத்தைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், முழு ஃபுமோனிசின் உண்டாக்கும் நரம்புக்குழாய்க் குறைபாடு, அதாவது கருவில் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத நிலை, குட்டிகளில் ஏற்படவில்லை.

பாதி என்றதும் முகம் சுருங்கத் தேவையில்லை. மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் நாளுக்கு நூற்றுக்கணக்கான கிராம் டோர்ட்டியா உண்கிறார். காலை, பகல், இரவு மூன்று வேளையும் அதுதான் சோறு. இப்படிச் சாப்பிடுகிற ஒருவர் உடம்பில் சேரும் நஞ்சைத் தினமும் பாதியாக்குவது, மருந்துக்கடை எதுவும் செய்துதர முடியாத காரியம். ஆனால் பாதி என்பது மொத்தத்தைப் பொறுத்தது. விளைச்சல் கெட்ட வருஷத்தில் மணியில் பத்து மடங்கு ஏறியிருந்தால், பாதி கழிந்த பிறகும் ஐந்து மடங்கு மிச்சம். தாழ்நிலத்து வெப்பத்தில் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மலைக்காரர்களின் சொந்தச் சோளம் தீர்ந்து, தாழ்நிலத்திலிருந்தும் வரும் சந்தைச் சோளத்தை நம்பும் மாதங்களில், யார் வயலில் எப்படிக் காய்ந்தது என்று தெரியாத மணி பானைக்குள் விழுகிறது.

களைந்த மணி அரைக்கப் போகிறது. மெத்தாத்தே என்ற கல், நம் அம்மியைக் கொஞ்சம் சரித்து, மூன்று கால் கொடுத்து நிறுத்தியது போல இருக்கும். அதன் முன் மண்டியிட்டுத்தான் அரைக்க வேண்டும். மின்சார அரைவை ஆலைகள் ஊருக்கு வருவதற்கு முன் பெண்களின் விடியற்காலைகளை முழுதாக விழுங்கியது இந்தக் கல். அரைத்த மாவை உருட்டித் தட்டிக் கோமால் என்ற தட்டில் சுடுகிறார்கள். மண் கோமாலாக இருந்தால் ஒட்டாமலிருக்க அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தடவுவார்கள். தட்டின் சூடு ஃபுமோனிசினைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நஞ்சு குறைந்தால் தண்ணீரில் குறைந்ததுதான். நெருப்பை நம்பிப் பயனில்லை.

மக்காச்சோளத்தை இப்படிக் காரத்தில் வேகவைத்த பழக்கத்துக்கு மிகப் பழைய தடயங்கள் குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் கிடைத்திருக்கின்றன, கி.மு. 1500க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலம். அந்த மக்கள் பூஞ்சை நஞ்சை நினைத்தா இதைச் செய்தார்கள் என்றால், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தோல் கழன்றது, மாவு பிசுபிசுத்து வட்டமாகத் தட்ட வந்தது, சுவை கூடியது. வைத்துக்கொள்ள இவையே போதுமான காரணங்கள். முன்னோர் எல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்று நம் ஊரில் அடிக்கடி கேட்கிறோம். தெரியாமலே ஒரு நல்ல பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக, ஒரு படி விடாமல் காப்பாற்றிக் கொடுத்ததை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மகள் தாயின் கையைப் பார்த்துக் கற்ற அளவும் நேரமும் மூவாயிரம் ஆண்டு பிழைத்து நின்றிருக்கின்றன.

கொலம்பஸின் கப்பல்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது சுண்ணாம்புப் பானை கூடப் போகவில்லை. அங்கே உலர்ந்த மணியை அப்படியே அரைத்துக் கூழ் காய்ச்சினார்கள். மணியில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி ஏழைகளிடம் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் கண்ட தோல் நோய், பின்னால் இத்தாலியிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் பெல்லாக்ரா என்று பல்லாயிரம் பேரைக் கொன்றது. நியாசின்தான் மருந்து என்பது தெளிவானது 1937-ல். பெல்லாக்ராவின் கதை புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. வடித்துக் கொட்டும் மஞ்சள் நீரில் ஃபுமோனிசினும் போகிறது என்ற கதை இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

1991 ஏப்ரல் மாதம், டெக்சஸ் மாநிலத்தின் மெக்சிகோ எல்லையில் உள்ள பிரவுன்ஸ்வில்லில், ஒரே மருத்துவமனையில் 36 மணி நேரத்துக்குள் மூளை வளராத மூன்று குழந்தைகள் பிறந்தன. விசாரித்துப் பார்த்ததில் அந்த வட்டாரத்தில் அத்தகைய பிறப்புகள் 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கூடியிருந்தது தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு, 1989-ன் சோளத்தில் ஃபுமோனிசின் மிகுந்து அமெரிக்காவில் குதிரைகள் செத்திருந்தன. எல்லைப்புறத்து மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் டோர்ட்டியா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு வரும் ஆபத்து ஓரளவு வரை கூடிக்கொண்டே போனது. மிக அதிகம் சாப்பிட்டவர்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. அந்தக் கருக்கள் முன்பே கலைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கருவின் நரம்புக்குழாய்க்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் உயிரணுவுக்குள் நுழையும் வழியை ஃபுமோனிசின் கெடுக்கிறது என்பது எலிகளில் தெளிவாகியிருக்கிறது. மனிதரில் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே சாப்பிட்டதும் சுண்ணாம்பில் வெந்த டோர்ட்டியாதான் என்பதை மறக்கக் கூடாது.

இதுவரை பேசியது ஒரு நஞ்சைப் பற்றி. அதே மணியில் இன்னொன்றும் ஏறலாம்: ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை சுரக்கும் அஃப்லாடாக்சின். வறட்சியில் வாடிய பயிரிலும், ஈரத்தோடு குவித்துவைத்த களஞ்சியத்திலும் இது மஞ்சள் கலந்த பச்சையாகப் பூக்கும். ஈரலுக்கு நேர் எதிரி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது இதில் உறுதி. சுண்ணாம்புப் பானையில் இது நடந்துகொள்ளும் விதம் ஆய்வாளர்களையே ஏமாற்றியது. காரத்தில் வேகவைத்த சோளத்தைச் சோதித்தால் அஃப்லாடாக்சின் வெகுவாகக் குறைந்திருந்தது. நிக்ஸ்தமால் எனப்படும் இந்தச் சுண்ணாம்பு முறை இதையும் அழிக்கிறது என்ற நம்பிக்கை பிறந்தது. 1985-ல் வெளியான ஆய்வில் பிரைஸ், ஜோர்கென்சன் இருவரும் ஒரு படி கூடுதலாகச் செய்தார்கள். வெந்த மாவில், வயிற்றில் இருப்பதுபோல, அமிலம் சேர்த்தார்கள். காணாமல் போன நஞ்சில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. அஃப்லாடாக்சினில் உள்ள ஒரு வளையம் காரத்தில் திறந்துகொள்கிறது. அமிலம் பட்டதும் மறுபடி மூடிக்கொள்கிறது. திறந்த நிலையில் சோதனைக்குத் தட்டுப்படாது. மூடிய நிலையில் அது பழைய நஞ்சேதான்.

சுண்ணாம்பைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பழைய முறை நல்லது என்று சொல்லிவிட்டு நிறுத்துவது சுலபம். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எதை ஊட்டுகிறாள் என்பதைப் பற்றிய பேச்சு இது. எந்த நஞ்சுக்கு நல்லது, எதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

அஃப்லாடாக்சின் எப்படிக் கொல்லும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1974 அக்டோபரில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைக் காயவைக்க வழியில்லை. இருந்த உணவும் அது ஒன்றுதான். அதைத்தான் ரொட்டி தட்டினார்கள். வயிறு வீங்கி, மஞ்சள் காமாலை கண்டு, 397 பேர் நோய்ப்பட்டார்கள். 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அறிவியல் உலகம் இந்தச் செய்தியை 1975-ல் படித்தது. 2004-ல் கென்யாவின் கிழக்கு மாவட்டங்களில் இதே கதை: 317 பேருக்கு நோய், 125 பேர் சாவு.

கென்யாவின் அந்தப் பகுதியில் வாழும் காம்பா மக்களுக்கு முத்தொகோய் என்று ஒரு பழைய உணவு உண்டு. மக்காச்சோளத்தை உரலில் இடித்துத் தோலை நீக்கி, அவரை போன்ற பருப்போடு வேகவைப்பது. பூஞ்சையும் நஞ்சும் அதிகம் தங்குவது மணியின் தோலிலும் முளையிலும் என்பதால், தோல் போனாலே அஃப்லாடாக்சின் சராசரியாகப் பாதிக்கு நெருக்கமாகக் குறைகிறது என்று பின்னால் அளந்தார்கள். சுண்ணாம்பால் முடியாததில் ஒரு பங்கை உலக்கை செய்துவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் பழைய முறைகளைப் படி படியாக ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: பொறுக்குதல், புடைத்தல், கழுவுதல், தோல் நீக்குதல் என்ற முதல் வேலைகளிலேயே அதிக நஞ்சு வெளியேறுகிறது, புளிக்கவைப்பதும் வேகவைப்பதும் அவ்வளவு செய்வதில்லை.

இந்த முதல் வேலைகளின் வலிமையை எனக்கு நன்றாக உணர்த்தியது தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு முயற்சி. பழைய டிரான்ஸ்கெயில் சென்டேன் என்ற பகுதி. வீட்டுத் தோட்டத்தில் விளைந்த மக்காச்சோளத்தையே உண்டு வாழும் குடும்பங்கள். ஆய்வாளர்கள் எந்தக் கருவியையும் கொண்டுபோகவில்லை. பூஞ்சை பிடித்த, சேதமான மணிகளைக் கையால் பொறுக்கி எறியச் சொன்னார்கள். மீதியைச் சமைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொன்னார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, பொறுக்கியதிலேயே ஃபுமோனிசின் 71 சதவீதம் குறைந்தது. அலசியதும் சேர்த்து 84 சதவீதம். எறிந்த மணிகளோ மொத்த எடையில் மிகச் சிறிய பங்கு. அடுத்த ஆண்டு வெளியான முடிவின்படி, அப்படிப் பொறுக்கி அலசிய சோளத்தில் கஞ்சி காய்ச்சிச் சாப்பிட்ட பெண்களின் சிறுநீரைச் சோதித்தபோது அங்கேயும் நஞ்சு பாதிக்கு இறங்கியிருந்தது. நஞ்சு எல்லா மணிகளிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கொஞ்ச மணிகளில் குவிந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நஞ்சு ஏறிய மணிகள் தப்பிவிடும் என்றாலும், தெரிகிறவற்றை எடுத்தாலே சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது.

ஆனால் பொறுக்கி எறிய வேண்டுமென்றால் எறிந்த பிறகும் அடுப்புக்குப் போட மணி மிஞ்ச வேண்டும். பன்ஸ்வாராவில் அது மிஞ்சவில்லை. கென்யாவில் மிஞ்சவில்லை. நல்ல வருஷத்தில் கோழிக்குப் போன கருத்த மணி, பஞ்ச வருஷத்தில் பானைக்குள் போகிறது. முத்தொகோய் இடிக்கிறவள் பசி வந்தால் தோலோடு அரைக்கிறாள், அளவு குறையக் கூடாதே என்று. எறிந்தது போகும் இடமும் பாதுகாப்பானதல்ல. டிரான்ஸ்கெய் வீடுகளில் பூஞ்சை பிடித்த சோளம் பீராகக் காய்ச்சப்பட்டது. ஃபுமோனிசின் தண்ணீரில் கரையும் என்பதால் அது அந்தக் குடுவைக்கும் வந்தது. கால்நடைக்குப் போட்ட அஃப்லாடாக்சின் மாட்டின் ஈரலில் கொஞ்சம் உருமாறிப் பாலில் இறங்குகிறது.

மக்காச்சோளத்தைச் சோறாக உண்ணாத தமிழ்நாட்டுக்கு இந்தப் பயணம் வந்து சேர்வது அந்தப் பால் வழியாகத்தான். 2019 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளின் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்த உருமாறிய நஞ்சு, அஃப்லாடாக்சின் எம்1, வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலவாரியாக, எண்ணிக்கையில் தமிழ்நாட்டில்தான் அதிகம்: 551 மாதிரிகளில் 88. காரணம் தீவனம் என்று ஆணையமே சொன்னது. மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, பருத்திப் பிண்ணாக்கு என மாட்டுக்குப் போகிற எதிலும் இந்தப் பூஞ்சை வளரும். பாலைக் காய்ச்சினால் அது போகாது. போக வேண்டுமானால் தீவனம் களத்திலேயே, ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்குக்குக் கீழே இறங்கும்வரை காய வேண்டும். மூட்டை தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் கட்டை மேல் ஏற வேண்டும். பூத்த பிண்ணாக்கைக் காசு போகிறதே என்று பார்க்காமல் ஒதுக்க வேண்டும். கடைசி வேலைக்கு ஆகும் நஷ்டத்தை இரண்டு மாடு வைத்திருக்கிறவர் தலையில் மட்டும் கட்டினால் அது நடக்காது. பாலை வாங்குகிறவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தீவனத்தைச் சோதித்து, கெட்டதுக்கு ஈடு கொடுத்தால்தான் நடக்கும்.